ஒன்று புள்ளி ஒன்பது

எங்கள் பதிவகத்தில் அந்த வருடம் மூன்று கட்சிகள் இருந்தன. முழு எண் கட்சி, புள்ளிக் கட்சி, பாதிப் புள்ளிக் கட்சி. மூன்று கட்சிக்காரர்களும் ஒரே இயந்திரத்தில்தான் காபி பிடித்தார்கள். ஆனால் வரிசையில் நிற்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சண்டை இதுதான். இணையம் என்பது ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகள் கைகோத்து நிற்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கொடுப்பதும், அது யாருடையது என்று எழுதி வைப்பதும் எங்கள் வேலை. எங்கள் தேடல் பக்கத்தில் எண்ணைத் தட்டினால் பொறுப்பாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் வரும். ஒரு நெட்வொர்க் கோளாறு செய்தால், எங்கோ இருக்கிற இன்னொரு இன்ஜினியர் அதைப் பார்த்துத்தான் போன் செய்வார். ஆரம்பத்தில் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் எண்கள் உலகத்துக்குப் போதும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். போதவில்லை. பெரிய எண்கள் வந்தன. அவற்றை எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுவரைக்கும் நாங்கள் புள்ளி வைத்தே பதிந்துகொண்டிருந்தோம்.

65545 என்று அப்படியே எழுதலாம் என்றது முழு எண் கட்சி. வாயில் நுழையவில்லை, 65536-ஐ ஒரு கட்டாக வைத்துக்கொண்டால் இது ஒரு கட்டும் ஒன்பதும், ஆகவே 1.9 என்று எழுதுவோம் என்றது புள்ளிக் கட்சி. பெரிய எண்களுக்கு மட்டும் புள்ளி வைத்து, பழைய சின்ன எண்களை நிம்மதியாக விட்டுவிடலாம் என்றது பாதிப் புள்ளிக் கட்சி. எல்லாக் குழுவிலும் இப்படி ஒரு நல்லவர்கள் கூட்டம் இருக்கும். யாரும் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை.

நான் முழு எண் கட்சி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்ததால் எனக்கு ஓட்டு இல்லை. வாய் மட்டும் இருந்தது. புள்ளிக் கட்சியின் தலைமைப் பேச்சாளர், இதை முடிவு செய்யும் குழுவில் சிறிய நெட்வொர்க்குகளின் பிரதிநிதியாக இருந்த என் அத்தான். அக்காவின் கணவர். அவருடைய எண்தான் அந்த 1.9. அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து எட்டு அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு இணைப்புக் கொடுத்துவந்தார்கள்.

குழு கூடுவதற்கு முந்தைய வாரம் நான் ஒரு நோட்டீஸ் எழுதிக் காபி இயந்திரத்தின் மேல் ஒட்டினேன். "1.9 என்பது நெட்வொர்க் எண்ணா, சுமாரான படத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணா? 1.9 பெரிதா, 1.10 பெரிதா? பள்ளிக்கூடத்தில் ஒரு பதில், பதிவகத்தில் ஒரு பதில் என்றால் குழந்தைகள் எங்கே போவார்கள்? இரண்டுக்குக் கொஞ்சம் கம்மியான நெட்வொர்க்குகளை நம்பி இணைப்பு வாங்காதீர்கள்." இப்படிப் பதினாறு வரி. கடைசி வரி இது: "எப்படியும் எல்லாப் பதிவையும் திருத்தி எழுதப் போகிறோம். கையோடு ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் கடிதம் போட்டு, 'ஐயா, இருக்கிறீர்களா, இல்லையா?' என்றும் கேட்டுவிடலாம்."

பதிவகத் தலைவி நோட்டீசை நின்று படித்தார். அவரை எல்லோரும் மேடம் என்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. ஆனால் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்தபோது இரண்டாவது பிரிவாக என் கடைசி வரி வந்தது. மரியாதையான மொழியில், முப்பது நாள் கெடுவுடன். பதில் வராவிட்டால் பொறுப்பாளர் பெயர் நீக்கப்படும். பதினாறு வரியில் பதினைந்து நக்கல் வீணாகி, ஒன்று மட்டும் விதியாகிவிட்டது.

பதினொன்றுக்கு நான்கு. முழு எண் ஜெயித்தது.

வெளியே வந்த அத்தான் நேராக என்னிடம் வந்தார்.

"மச்சான், உன் நோட்டீசைப் படிச்சுட்டு நானே சிரிச்சுட்டேன்டா. அதான் தோத்துட்டோம்."

"எதிர்க்கட்சி சிரிக்கக் கூடாது அத்தான். கட்சிக் கட்டுப்பாடு இல்லையா?"

"ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மின்னு எழுதியிருக்கியே, அதை உங்கக்காகிட்ட காட்டினேன். 'கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்றதை ஒரே வரியில எழுதிட்டான் என் தம்பி'ன்னா."

"அப்ப வீட்டுலயும் தோல்வியா?"

"அங்க நான் டெபாசிட்டே போய்ப் பல வருஷம் ஆச்சு." காபியை ஒரே மடக்கில் குடித்தார். "ஆனா ஒண்ணுடா. போன்ல 'ஒன்னு புள்ளி ஒன்பது பேசறேன்'னு சொல்றதுல ஒரு கெத்து இருந்துச்சு. இனிமே அந்த முழ நீள எண்ணைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிர்ல இருக்கறவன் வச்சுட்டுப் போயிடுவான்."

பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை பிற்பகல், ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த கருவி அறையில், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தபடியே அத்தானின் இதயம் நின்றது. கையில் கேபிள் பரிசோதிக்கும் கருவி இருந்தது. அவர் மறுமுனையின் சிக்னலுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்து, கூட்டாளி வாசலில் பத்து நிமிடம் பேசாமல் நின்றிருக்கிறார். வயது நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு அக்கா அலுவலகங்களுக்குப் போக ஆரம்பித்தாள். இறந்தவர் பெயரை எடுக்க இத்தனை வரிசைகளில் நிற்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. முதல் சில நாள் நானும் கூடப் போனேன். ஓரிடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இதுக்கு அவரே நேர்ல வரணும்மா" என்றார்.

"எனக்கும் அதான் வேணும்" என்றாள் அக்கா.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அக்கா அவரைத் தேற்றிவிட்டு வந்தாள்.

ஒவ்வோர் இடமாக அத்தான் போய்க்கொண்டிருந்தார். வங்கிக் கணக்கிலிருந்து போனார். மின்சாரக் கணக்கிலிருந்து போனார். அக்கா குடியிருந்த கட்டிடத்தின் வாசலில் இருந்த தபால் பெட்டியில் யாரோ புதுச் சீட்டு ஒட்டினார்கள்.

எங்கள் பதிவகத்தில் மட்டும் அவர் இருந்தார். அத்தான் இறந்தது மேடத்துக்குத் தெரியும், குழுவில் எல்லோருக்கும் தெரியும், அடக்கத்துக்கே வந்திருந்தார்கள். ஆனால் பதிவுக்குத் தெரியாது. பதிவுக்குத் தெரிவிக்க வேண்டிய மேசை என்னுடையது. நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தேன். அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

எண்களை மாற்றும் வேலை தொடங்கியது. புள்ளி வைத்த பதிவுகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பொறுப்பாளர் பதில் போட்டால் நான் பதிவைத் திறந்து, புள்ளி எண்ணை எடுத்துவிட்டு முழு எண்ணைப் போட்டு மூடுவேன். அதற்குப் பிறகு பழைய எண்ணைத் தேடினால் "பதிவு ஏதுமில்லை" என்று வரும். கடிதங்களைக் கணினி நிரல் தானாகவே அனுப்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும், அத்தானுக்கும் சேர்த்து: "தாங்கள் தொடர்ந்து பொறுப்பாளராக இருக்கிறீர்களா என்பதை முப்பது நாட்களுக்குள் உறுதி செய்யவும்."

நான் ஒன்றும் செய்யப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். முப்பது நாள் போகட்டும். பதில் வராது. நிரலே பெயரை எடுத்துவிடும். என் கை படாது. இதைவிடக் கோழைத்தனமான ஏற்பாட்டை நான் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அத்தானின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து.

"வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. விவரங்கள் அனைத்தும் சரியாக உள்ளன. நான்தான் பொறுப்பாளர். தொடர்ந்து இருக்கிறேன். நன்றி."

அத்தான் தன் வாழ்நாளில் யாருக்கும் வணக்கம் எழுதியதில்லை. "சரி" என்பதைக்கூட "ச" என்று அனுப்புகிறவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்து, பெரியவர்களுக்கு எழுதுவதுபோல் எழுதுகிற ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருத்திதான்.

அந்தக் கடிதத்தை நான் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. படிக்காதது மாதிரி மறுபடி குறித்து வைத்தேன். தினமும் காலையில் அது தடித்த கறுப்பு எழுத்தில் மேலே நிற்கும். மற்ற பதிவுகளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். புதிய முறை நன்றாகத்தான் இருந்தது. எல்லா எண்ணும் ஒரே அச்சில், வரிசை குலையாமல். குழு எடுத்த முடிவு சரியான முடிவு. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இருபத்திரண்டாம் நாள் மேடம் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு புகார்.

"1.9. உங்க அத்தானோடதுதானே?"

"ஆமா மேடம்."

"இதுல இன்னும் ஏன் அவர் பேர் இருக்கு?"

"பதில் வந்திருக்கு மேடம்."

"யார்கிட்டேருந்து?"

"அவர்கிட்டேருந்து."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"படிச்சுப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடி. லெட்டர் எல்லாம் வேண்டாம், நீயே போய்ப் பேசு."

புகார் எழுதியவர் இன்னொரு நெட்வொர்க்கின் இன்ஜினியர். முந்தைய திங்கட்கிழமை அத்தானின் நெட்வொர்க்குக்குப் போகவேண்டிய தரவு எல்லாம் தப்பான வழியில் அவர்கள் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு வரியைத் திருத்தினால் ஐந்து நிமிட வேலை. தேடல் பக்கத்தில் பார்த்து அத்தானுக்குப் போன் செய்திருக்கிறார். நேரம் போட்டுக் குறித்திருந்தார், பொறுப்பான மனிதர்.

"காலை 10.15: ஒரு பெண் எடுத்தார். அவர் வெளியே போயிருப்பதாகவும், வந்ததும் அழைக்கச் சொல்வதாகவும் கூறினார். 12.40: சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகக் கூறினார். 3.10: தூங்குவதாகவும், எழுப்ப மனமில்லை என்றும் கூறினார். 5.45: எடுக்கவில்லை. அதுவரை அந்த நெட்வொர்க்கின் நூற்று நாற்பது வீடுகளும், ஒரு மருந்துக் கடையும், ஒரு தையல் கூடமும் இணைப்பில்லாமல் இருந்தன. பிறகு வேறு ஒருவர் மூலம் அவருடைய கூட்டாளியைப் பிடித்தோம். அவர் அதுவரை தங்கள் கேபிள்களிலேயே கோளாறைத் தேடிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் சரியானது. பகல் முழுவதும் தூங்குகிறவரைப் பொறுப்பாளராக வைத்திருப்பது முறையா என்று பதிவகம் யோசிக்கவேண்டும்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"வேலை நாள்ல வந்திருக்கே. துரத்திட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"எட்டு மாசத்துல துரத்துவாங்கன்னு அவர்கிட்ட பந்தயம் கட்டினேன். ஒரு வருஷம் தாண்டிட்டே. உள்ள வா."

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் அத்தானின் போன், சார்ஜரில். திரையில் எங்கள் தேடல் பக்கம். அதில் 1.9. அதன் கீழே அவர் பெயர்.

"தினமும் பாப்பியாக்கா?"

"காலையில ஒரு தடவை. சில நாள் மத்தியானமும்." மூடப் போகிறவள்போல் கையைக் கொண்டுபோய், மூடாமல் எடுத்துக்கொண்டாள். "எல்லா எடத்துலயும் எடுத்துட்டாங்கடா. நானே போய் வரிசையில நின்னு எடுக்க வச்சேன். இங்க மட்டும்தான் இருக்கார். தட்டினா ஒரு செகண்டு சுத்தும், அப்புறம் வருவார். பேர், அட்ரஸ், போன் நம்பர் எல்லாம்."

"அந்த லெட்டருக்கு நீதானே பதில் போட்டே?"

"'இருக்கிறீர்களா'ன்னு கேட்டிருந்துச்சு. இல்லன்னு எழுத எனக்குக் கை வரல." பிறகு கேட்டாள், "யாருடா அப்படி ஒரு கேள்வியை எழுதினது? மெஷினா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"நான்தான்க்கா. விளையாட்டா எழுதினேன். அத்தான் இருந்தப்போ."

எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்கவில்லை.

"ஒரு பேரு அங்க இருந்தா யாருக்குடா நஷ்டம்? சொல்லு. எந்த எடத்தை அடைச்சுக்கறார்?"

புகாரை அவளிடம் கொடுத்தேன். முதல் முறை வேகமாகப் படித்தாள். இரண்டாம் முறை விரலை வைத்து, ஒவ்வொரு நேரமாகப் படித்தாள்.

"திங்கக்கிழமையா?"

"ஆமா."

"அன்னிக்கு நம்ம வீட்டுலயும் நெட் இல்ல. தேடல் பக்கமே வரல. சுத்திக்கிட்டே இருந்துச்சு. உங்க ஆபீஸ்ல அவரை எடுத்துட்டாங்கன்னு நெனச்சு உக்காந்துட்டேன்." புகாரை மடித்தாள், மறுபடி பிரித்தாள். "அதுக்காகத்தான் அந்த ஆள் கூப்பிட்டாரா?"

"அதுக்காகத்தான்."

"முன்னாடி வந்த போனை எல்லாம் எழுதி வச்சுக் கூட்டாளிகிட்ட குடுத்திருக்கேன்டா. வேணும்னா கேட்டுப் பாரு. ஒண்ணு விட்டதில்ல."

"தெரியும்க்கா. திங்கக்கிழமை ஏன் குடுக்கல?"

அத்தானின் போனை எடுத்து, சார்ஜரைச் சரியாகச் செருகி வைத்தாள்.

"வெளிய போயிருக்கார்னு எப்பவும் சொல்றதுதான். அன்னிக்கு அந்த ஆள் மறுபடி கூப்பிட்டார். சாப்பிடறார்னு வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னப்புறம் எனக்கே பசிச்சுது, ரொம்ப நாளைக்கப்புறம் ஒழுங்கா சாப்பிட்டேன். மூணு மணிக்குத் தூங்கறார்னு சொன்னேன். சொல்லிட்டு அந்த ரூம் கதவைச் சத்தமில்லாம சாத்தினேன். வீட்டுல ஒருத்தர் தூங்கற மாதிரியே இருந்துச்சுடா. நானும் மெதுவா நடந்தேன். யாருக்கும் போன் பண்ணிப் பேசி அதைக் கலைக்க மனசு வரல. ஆறு மணிக்கு அடிச்சப்போ எடுக்க பயமா இருந்துச்சு. இதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல."

எதிர்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"மருந்துக் கடைன்னு போட்டிருக்கு" என்றாள். "யாராவது மருந்து வாங்க வந்து திரும்பிப் போயிருப்பாங்களா?"

"தெரியலக்கா. போயிருக்கலாம்."

"அவர் இருந்திருந்தா ஓடியிருப்பார்."

"ஆமா."

"என் பேரைப் போட்டுக்கலாமா?"

"போடலாம்க்கா. உனக்கு இஷ்டம்னா போடறேன்."

யோசித்தாள். "வேண்டாம். என் பேர் வந்து நான் என்னத்தைப் பாக்கப் போறேன்? அது எனக்குத் தெரிஞ்சதுதானே. கூட்டாளி பேரைப் போடு. அவர் தூங்க மாட்டார், வீட்டுல ரெண்டு பசங்களுக்கும் பரீட்சை." லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "என்ன பண்ணணும் இப்போ? மறுபடி பதில் போடணுமா, 'நான் இல்லை'ன்னு?"

"அதெல்லாம் வேண்டாம்." தண்ணீரைக் குடித்தேன். கிட்டத்தட்ட மூன்று மாதமாக இந்த வாக்கியத்துக்குப் பயந்துதான் என் மேசையில் ஒளிந்திருந்தேன். "டெத் சர்டிபிகேட் ஒரு காப்பி வேணும்க்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள், மரியாதையாக.

உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். உள்ளே வரிசையாக நகல்கள் இருந்தன, எல்லாம் முத்திரை குத்தியவை.

"இருபது எடுத்து வச்சேன். எல்லா ஆபீஸ்லயும் கேட்டாங்க. நீ மட்டும் கேக்கல. எனக்காகத்தான் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"உனக்காகத்தான்னு நானும் நெனச்சேன்."

ஒன்றை உருவினாள். மேசை ஈரமாக இருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டு, அங்கே வைக்காமல் என்னிடமே நீட்டினாள்.

"ஒரிஜினல் பாக்கணுமா?"

"வேண்டாம்க்கா. காப்பி போதும்."

"சில எடத்துல பாக்கணும்பாங்க. அதான் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை கூட்டாளியிடம் பேசினேன். படிவத்தை நானே நிரப்பினேன். மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு பட்டியல் வந்தது: எண் எழுதும் முறை மாற்றம், நிறுவனம் கைமாறியது, பணி விலகல், பிற. போன வருடம் நாங்கள்தான் அந்தப் பட்டியலைத் தயாரித்தோம். பதினைந்து பேர் உட்கார்ந்த குழுவில் யாருக்கும் இது தோன்றவில்லை. "பிற" என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் எழுத வேண்டியதை எழுதினேன். 1.9-ஐ அழித்தேன். 65545 போட்டேன். பெயரை மாற்றினேன். தொலைபேசியை மாற்றினேன். சேமிக்கட்டுமா என்று கேட்டது. மறுபடியும் கேட்டது. இரண்டுக்கும் ஆம் என்றேன்.

மேடம் தன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதும் ஏதோ காகிதத்தைத் தேட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து போன். அவளுடைய எண்ணிலிருந்து.

"பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்க்கா."

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு இருபது."



"பதினொன்னு பத்துக்குப் பாத்தேன்டா" என்றாள். "இருந்தார்."